பவளத் தொட்டியில் தண்ணீர் ஓட்டம்: எவ்வளவு வேகம், எந்தப் பக்கம்

புது வேவ்மேக்கர் (தொட்டிக்குள் தண்ணீரைத் தள்ளி ஓட்டம் உண்டாக்கும் பம்ப்) வாங்கி மாட்டியதும் நான் செய்த முதல் வேலை, அதை முழு வேகத்தில் வைத்ததுதான். 4 அடித் தொட்டி, உள்ளே மூன்று தலை கொண்ட ஒரு டார்ச் பவளம், பம்புக்கு நேர் எதிரே ஒன்றரை அடி தள்ளி உட்கார்ந்திருந்தது. நல்ல ஓட்டம் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதனால் நன்றாக வளரும் என்று நம்பினேன். நான்காம் நாள் பார்த்தால் பம்பைப் பார்த்த பக்கத்தில் சதை எலும்புக்கூட்டின் விளிம்பிலிருந்து உரிந்து, உள்ளே வெள்ளை தெரிந்தது. அடுத்த இரண்டு நாளில் பழுப்பு நிறக் கூழ் போல ஒன்று படர்ந்து இரண்டு தலைகள் போய்விட்டன. மிஞ்சிய ஒரு தலையை அதே இடத்தில் வைத்துவிட்டு, பம்பின் வேகத்தைக் கூடக் குறைக்காமல், முகத்தை மட்டும் முன் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். ஒரு வாரத்தில் அந்தத் தலை விரிந்தது.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உப்புநீர்த் தொட்டியில் ஓட்டத்தால் விலங்குகளுக்கு வரும் சேதத்தில் பெரும்பகுதி, தண்ணீர் ஒரே பக்கத்திலிருந்து குழாய்த் தாரை மாதிரி விடாமல் அடிப்பதால் வருகிறது. அதே அளவு தண்ணீரை உடைத்து, திசை மாற்றி, முன்னும் பின்னுமாக அனுப்பினால் பெரும்பாலான பவளங்கள் நாம் நினைப்பதைவிட அதிக வேகத்தைத் தாங்கும்.

முதலில் ஓட்டம் எதற்கு என்று பார்த்துவிடலாம், இது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். பவளம் நகராது. அதற்கு வேண்டிய ஆக்சிஜன், கார்பன், கால்சியம், இரை எல்லாவற்றையும் தண்ணீர்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், கழிவையும் தண்ணீர்தான் எடுத்துப் போக வேண்டும். ஆனால் பவளத்தின் தோலை ஒட்டி மெல்லிய தண்ணீர்ப் படலம் ஒன்று அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், உள்ளே போவதும் வெளியே வருவதும் அந்தப் படலத்தைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். கொடியில் போட்ட ஈரத்துணி காற்று வீசும் நாளில் சீக்கிரம் உலர்கிறது அல்லவா, துணியை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை வீசும் காற்று விலக்கிவிடுகிறது. தண்ணீருக்கடியிலும் கணக்கு அதேதான். ஓட்டம் கூடக் கூட அந்தப் படலம் மெலிந்துபோகிறது, பவளம் மூச்சு விடுவது எளிதாகிறது.

இதில் பகலுக்கும் இரவுக்கும் வேறுபாடு உண்டு. பகலில் பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் பாசிகள் ஒளியை வைத்து உணவு செய்யும்போது ஆக்சிஜன் தேவைக்கு மேல் சேர்ந்துவிடும், அதை வெளியே தள்ளாவிட்டால் அதுவே சதையைக் கெடுக்கும். இரவில் தலைகீழ், பவளமும் பாசியும் மீனும் எல்லாம் சேர்ந்து ஆக்சிஜனைச் செலவழிக்கும். 25 டிகிரியில் நல்ல தண்ணீர் ஒரு லிட்டரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் பிடிக்கும், கடல்நீர் 7-க்கும் குறைவாகத்தான் பிடிக்கும். நம் ஊர் வெயிலில் தொட்டி சூடேறினால் அதுவும் இறங்கும். ஆகவே இரவில் சத்தம் வருகிறது என்று பம்பைக் குறைத்து வைப்பவர்கள் தயவுசெய்து ஒன்றையாவது மேற்பரப்பைக் கலக்கும்படி ஓடவிடுங்கள்.

சூட்டுக்கும் ஓட்டத்துக்கும் இருக்கும் உறவு இன்னும் ஆழமானது. 1998-இல் ஜப்பானின் ஒகினாவா பக்கம் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. அதற்குப் பிறகு அங்கே அக்ரோபோரா வகையை வைத்துச் செய்த சோதனையில், சூடான நீரில் நொடிக்கு 2, 3 செ.மீ. என்று மந்தமான ஓட்டத்தில் இருந்தவை வெளுத்துச் செத்தன, நொடிக்கு அரை மீட்டருக்கும் மேலான ஓட்டத்தில் இருந்தவை தாக்குப்பிடித்தன. கோடையில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) திணறும் நாட்களில் எஸ்பிஎஸ் (அக்ரோபோரா மாதிரி சின்னச் சின்ன வாய்கள் கொண்ட கல்பவளங்கள்) வைத்திருப்பவர்கள் ஓட்டத்தைக் குறைக்கவே கூடாது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

எந்த விலங்குக்கு எவ்வளவு என்பது அது எந்தக் கடலிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. இராமேசுவரம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கத்துக் கடலைப் பெண் கடல் என்பார்கள், குளம் மாதிரி கிடக்கும், தனுஷ்கோடி போகும் வழியில் மறுபக்கம் ஆண் கடல், அலை வந்து அறையும். சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு விதமான தண்ணீர். ஒரு பவளப் பாரிலும் அப்படித்தான், அலை உடையும் வெளிவிளிம்பில் வளர்வது வேறு, உள்ளே கலங்கலான அமைதியான நீரில் மணல்மேல் உட்கார்ந்திருப்பது வேறு. நாம் இந்த இரண்டையும் ஒரே 4 அடிக் கண்ணாடிக்குள் வைக்கப் பார்க்கிறோம், சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. (இதைச் சொல்லும்போது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: மன்னார் வளைகுடாவிலோ வேறு எந்த இந்தியக் கடலிலோ பவளத்தை, கடல் விசிறியை, கடல் குதிரையை எடுக்காதீர்கள், எடுத்ததை வாங்கவும் செய்யாதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை அவை, அந்தக் கடலும் ஏற்கெனவே அடிபட்டுக் கிடக்கிறது.)

எவ்வளவு ஓட்டம் வேண்டும்

எல்லோரும் சொல்லும் கணக்கு, தொட்டியின் கொள்ளளவைப் போல மணிக்கு எத்தனை மடங்கு தண்ணீர் நகர்கிறது என்பது. 120 × 50 × 50 செ.மீ. தொட்டி என்றால் 300 லிட்டர், கல்லும் மணலும் போக 240 என்று வையுங்கள். மென்பவளங்களும் மஷ்ரூம் பவளமும் மட்டும் என்றால் 10 முதல் 20 மடங்கு, அதாவது மணிக்கு 2400 முதல் 4800 லிட்டர் போதும். டார்ச், ஹாமர், பிரெயின் போன்ற எல்பிஎஸ் (பெரிய வாயும் நிறையச் சதையும் கொண்ட கல்பவளங்கள்) என்றால் 20 முதல் 30 மடங்கு. அக்ரோபோரா, மான்டிபோரா வைத்தால் 40-க்குக் குறையாமல், பலர் 60, 80 என்று கூடப் போகிறார்கள். சம்பிலிருந்து (தண்ணீரைச் சுத்தம் செய்யக் கீழே வைக்கும் தொட்டி) மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பை இதில் பெரிதாக எண்ண வேண்டாம், அது தண்ணீரைச் சுத்தம் செய்யக் கொண்டுபோய் வருவதற்கு.

இந்த எண்கள் பம்ப் வாங்கும்வரைதான் உதவும். பெட்டியில் 5000 என்று போட்டிருப்பது எந்தத் தடையும் இல்லாத நிலையில் அளந்தது, உங்கள் தொட்டியில் நடுவே ஒரு மலை மாதிரி கல் இருக்கிறது. ஒரே 5000 லிட்டரை அகலமான வாயுள்ள பம்பும் தள்ளலாம், சின்ன வாயுள்ள பம்பும் தள்ளலாம், சின்ன வாயிலிருந்து வருவது ஊசி மாதிரி பாயும். மலிவான சின்ன பம்பை வாங்கி முழு வேகத்தில் ஓட்டுவதைவிட, ஒரு அளவு பெரிய, வேகம் கூட்டிக் குறைக்கக்கூடிய டிசி பம்பை வாங்கிப் பாதி வேகத்தில் ஓட்டுவது பவளத்துக்கு எப்போதும் நல்லது. சத்தமும் சூடும்கூடக் குறையும்.

உண்மையான வேகத்தைப் பார்க்க நான் செய்வது இது. 30 செ.மீ. அளவுகோலைக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள், பவளம் இருக்கும் உயரத்துக்குச் சரியாக. மீன் உணவில் சின்னச் சின்னத் துகள்களைத் தண்ணீரில் நனைத்து, மிதக்காதபடி சிரிஞ்சால் உள்ளே விடுங்கள். போனில் வீடியோ எடுங்கள். துகள் 30 செ.மீ. தூரத்தை 2 நொடியில் கடந்தால் நொடிக்கு 15 செ.மீ. என்று அர்த்தம். டார்ச், ஹாமர் பக்கத்தில் எனக்கு 5 முதல் 10 வரை கிடைத்தால் திருப்தி, அக்ரோபோரா பக்கத்தில் 20-க்கு மேல் எதிர்பார்ப்பேன். நான்கைந்து இடத்தில் இப்படிப் பார்த்தால் தொட்டியின் வரைபடமே மனதில் வந்துவிடும், எங்கே அடிக்கிறது, எங்கே செத்துக் கிடக்கிறது என்று.

பம்பை வைக்கும் விதம்

கல் அடுக்குவதற்கு முன்பே இதை யோசித்தால் பாதி வேலை மிச்சம். சுவர் மாதிரி பின்கண்ணாடியில் ஒட்டிக் கல்லை அடுக்கினால் அதன் பின்னால் ஓட்டம் போகவே போகாது, அழுக்கு சேர்ந்து சிவப்பு நிறச் சளி மாதிரி சயனோ பாக்டீரியா படரும். கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ஒரு கை போகும் இடம் விடுங்கள், நடுவில் ஓட்டைகளும் வளைவுகளும் இருக்கட்டும்.

இரண்டு பம்ப் இருந்தால் இரண்டு பக்கச் சுவரிலும் எதிரெதிரே வைத்து, மேல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், முகத்தைச் சற்று மேலேயும் முன் கண்ணாடியை நோக்கியும் திருப்புங்கள். இரண்டு தாரையும் நடுவில் மோதினால் அங்கே தண்ணீர் குழம்பி எல்லாத் திசையிலும் பிரியும், அந்தக் குழப்பம்தான் நமக்கு வேண்டியது. மேற்பரப்பு நெளிய வேண்டும், ஆனால் காற்றை உள்ளே இழுத்துப் பொடிக்குமிழிகளைக் கக்கக்கூடாது, அப்படிக் கக்கினால் பம்பை ஒரு அங்குலம் இறக்குங்கள். மேலே தெறிக்கும் தண்ணீரால் விளிம்பெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும், ஆவியாவதும் கூடும், ஆர்ஓ தண்ணீரை ஊற்றி உப்பின் அளவைச் சரியாக வைப்பதை மறக்க வேண்டாம்.

ஒரே ஒரு பம்ப்தான் இருக்கிறதா? அதை எந்தப் பவளத்தையும் பார்க்க விடாதீர்கள், கண்ணாடியைப் பார்க்கட்டும். கண்ணாடியில் மோதித் திரும்பும் தண்ணீர் அகலமாகவும் சாதுவாகவும் வரும். வேகம் மாறும் வசதி இருந்தால் நிலையான வேகத்தில் ஓட்டாமல் ஏறி இறங்கும் முறையில் ஓட்டுங்கள். ஹவாயின் வைக்கிக்கி அக்வேரியத்தில் புரூஸ் கார்ல்சன் இதற்கென்றே ஒரு ஏற்பாடு செய்தார், மேலே ஒரு பீப்பாயில் தண்ணீர் நிறைந்து நிறைந்து சைஃபன் முறையில் சடாரென்று தொட்டிக்குள் கொட்டும், நிஜ அலை வந்து போவது மாதிரி. மோட்டாருக்குள் கணினிச் சில்லு வருவதற்கு முன்பே பவளத்துக்கு அலை வேண்டும் என்று புரிந்துவைத்திருந்தார்கள்.

யாருக்கு எது ஒத்துவராது

எல்பிஎஸ் பவளங்களில்தான் சேதம் அதிகம், ஏனென்றால் சதை நிறைய, எலும்பு கத்தி மாதிரி கூர்மை. டார்ச், ஹாமர், ஃபிராக்ஸ்பான் இவற்றின் கைகள் வயலில் நெற்கதிர் அசைவது போல இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நிமிர வேண்டும். ஒரே பக்கமாகப் படிந்து, காற்றில் குடை திரும்பிக்கொண்ட மாதிரி நின்றால் ஓட்டம் அதிகம். கைகளை வெளியே விடாமல் பாதியில் நிற்பது, அடியில் எலும்பின் விளிம்பு தெரிவது, இவை அடுத்த கட்டம், அன்றைக்கே இடம் மாற்றுங்கள். பழுப்புக் கூழ் வந்துவிட்டால் மெதுவாக உறிஞ்சி எடுத்து, கெட்ட தலையை வெட்டிப் பிரித்துவிடுவது மற்ற தலைகளைக் காப்பாற்றும், தாமதிக்க வேண்டாம். டார்ச் இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். மணலில் உட்காரும் ட்ராக்கிஃபில்லியா, ஸ்கோலிமியா இரண்டுக்கும் சதை பலூன் மாதிரி உப்ப வேண்டும், வேகமான தண்ணீரில் உப்பாது, உப்பாமலே மெலிந்து போகும். அதைவிட மோசம், ஓட்டத்தில் பறந்து வரும் மணல் இவற்றின்மேல் குவிவது. சர்க்கரை மாதிரி நைசான மணல் அழகுதான், ஆனால் எஸ்பிஎஸ் வேகத்தில் ஒரே இரவில் ஒரு மூலையில் மேடாகிவிடும், 1 முதல் 2 மி.மீ. பருமனுள்ள மணலுக்கு மாறினால் பாதித் தொல்லை தீரும்.

அக்ரோபோரா வேறு மாதிரி. அதற்கு ஓட்டம் குறைந்தால்தான் கேடு, கிளைகளின் அடிப்பக்கம் வெளிறிப்போகும், கிளைகளுக்கு நடுவே அழுக்கு தங்கும். போசிலோபோராவில் இன்னொன்று பார்க்கலாம், வேகமான நீரில் கிளைகள் குட்டையாகத் தடித்து நெருக்கமாக வரும், மந்தமான நீரில் மெலிந்து விரிந்து வளரும். ஒரு பவளத்தைப் பார்த்தே அது எந்த ஓட்டத்தில் வளர்ந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை: விரல் நீளத் துண்டாக வைத்தபோது போதுமாக இருந்த ஓட்டம், அது தலையளவு வளர்ந்த பிறகு நடுவே நுழையாது. பம்ப் மாறவில்லை, தண்ணீர் மாறவில்லை, ஆனால் கூட்டத்தின் உள்பக்கம் சாகும். வளர வளர ஓட்டத்தைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் கத்தரித்து விட வேண்டும்.

லெதர் பவளம் சில நாட்கள் சுருங்கி, மேலே மெழுகு மாதிரி ஒரு தோல் படிந்து நிற்கும். நோய் என்று பயப்பட வேண்டாம், தோல் உரிக்கிறது. அந்தத் தோலைத் தள்ளிவிட அதற்கு நல்ல ஓட்டம் வேண்டும், அந்த வாரம் மட்டும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். கடல் விசிறி வைத்திருந்தால் அதன் தட்டையான முகம் ஓட்டத்துக்குக் குறுக்காக நிற்க வேண்டும், இரை பிடிக்கும் வலை அது. மஷ்ரூம், சூவாந்தஸ் எதற்கும் பொறுத்துப்போகும், மஷ்ரூமுக்குப் பிடிக்காவிட்டால் பிடியை விட்டு மிதந்து போய் வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கடல் சாமந்திதான் (அனிமோன்) என்னைப் பயமுறுத்துவது. ஓட்டம் பிடிக்காவிட்டால் அது நடக்கும், நடந்து நேராக வேவ்மேக்கரின் வாயில் போய்ச் சிக்கும், துண்டு துண்டாகி அதன் கொட்டும் செல்களும் அழுகலும் தொட்டி முழுக்கப் பரவி, விடிவதற்குள் மீன்களும் சாகலாம். சாமந்தி வைப்பதாக இருந்தால் பம்ப் வாயில் வலையோ நுரைப்பஞ்சு உறையோ போட்டே தீர வேண்டும், பஞ்சை இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை அலச வேண்டும், இல்லாவிட்டால் அடைத்து ஓட்டம் நின்றுவிடும். சாமந்தி புதிதாக வந்த முதல் வாரம் வேகத்தை ஏற்றாமல் வைத்து, அது காலை ஒரு பொந்தில் ஊன்றிய பிறகு மெல்லக் கூட்டுங்கள். அதோடு ஒரு ஜோடி கோமாளி மீன் இருந்தால் இரவில் கவனித்துப் பாருங்கள், அதன் கைகளுக்கு நடுவே படுத்து உடம்பை ஆட்டி ஆட்டித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும், அந்த விசிறலால் சாமந்திக்கு ஆக்சிஜன் கூடக் கிடைக்கிறது. எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் பிடித்த காட்சி அது.

மீன்களில் டாங், அந்தியாஸ், க்ரோமிஸ் எல்லாம் ஓட்டத்தில் எதிர்நீச்சல் போட்டுத்தான் உடம்பைத் தேற்றிக்கொள்ளும், அவற்றுக்கு வேகம் நல்லது. ஃபயர்ஃபிஷ், மாண்டரின், சின்ன கோபி வகைகளுக்குக் கல்லுக்குப் பின்னால் காற்று மறைவு மாதிரி ஓட்டமில்லாத இடங்கள் வேண்டும். ஒரு மீன் நாள் முழுக்க ஒரே பொந்தை விட்டு வராமல், சாப்பாட்டுக்கு மட்டும் எட்டிப் பார்த்து, செவுள் வேகமாக அடித்தால் அதற்கு இந்தத் தொட்டி ஒத்துவரவில்லை. கடல் குதிரையை எஸ்பிஎஸ் தொட்டியில் விடவே விடாதீர்கள், வாலால் எதையாவது பிடித்துத் தொங்கித்தான் நிற்க முடியும், இரை கண் முன்னே பறந்து போகும், பட்டினியில் சாகும். அதற்கென்று தனித் தொட்டி, தனி ஓட்டம்.

அப்புறம் உணவு நேரம். பவளத்துக்குத் தீனி கொடுக்கும்போது வேவ்மேக்கர்களை 10, 15 நிமிடம் நிறுத்திவிட்டு, ரிட்டர்னையும் நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் மெதுவாக ஒவ்வொரு வாயின் மேலும் விடுங்கள். திரும்ப ஓடவிட மறந்துபோவதுதான் ஆபத்து, ஆகவே போனில் அலாரம் வைத்துவிட்டே நிறுத்துங்கள், அல்லது தானே திரும்ப ஓடும் ஃபீட் பட்டன் உள்ள பம்ப் வாங்குங்கள்.

மின்சாரம் போகும் ஊரில் இருப்பவர்கள் இன்வெர்ட்டரில் முதலில் மாட்ட வேண்டியது வேவ்மேக்கரை, விளக்கு கடைசி. மீன் நிறைய இருக்கும் தொட்டியில் ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கத் தொடங்கும். ஒரு டிசி வேவ்மேக்கர் இழுக்கும் சில வாட்டுக்கு ஒரு சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரி இரவு முழுக்கத் தாங்கும். அது முடியாவிட்டால் யூஎஸ்பியில் ஓடும் காற்று பம்பும் ஒரு பவர்பேங்கும் வாங்கி, தொட்டி ஸ்டாண்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

எந்த மாற்றத்தையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். வேகத்தைக் கூட்டுவதென்றால் 10 சதவீதம் கூட்டி, மூன்று நான்கு நாள் பார்த்து, அப்புறம் அடுத்த 10. பகலில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பல பவளங்கள் இரை பிடிக்கும் கைகளை விளக்கு அணைந்த பிறகுதான் நீட்டும், ஒரு மணி நேரம் கழித்து சிவப்பு விளக்கு அடித்துப் பாருங்கள்.

கடைசியாக, பம்பைச் சுத்தம் செய்வது. மூன்று மாதத்தில் விசிறியின் மேல் சுண்ணாம்பு படிந்து, பாசி பிடித்து, ஓட்டம் கண்ணுக்குத் தெரியாமல் குறைந்துகொண்டே வரும், நீங்கள் குறைத்தது மாதிரியே. கழற்றி, பாதி வினிகரும் பாதித் தண்ணீரும் கலந்த வாளியில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், வினிகர் இல்லாவிட்டால் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த தண்ணீரும் சரி, அப்புறம் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். இதில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சுத்தமான பம்பைப் பழைய வேகத்திலேயே திரும்ப மாட்டினால், மூன்று மாதமாக மெல்லக் குறைந்த ஓட்டம் ஒரே நொடியில் முழுதாகத் திரும்பி வரும், பழகிப்போன டார்ச்சும் ஹாமரும் அன்றைக்கே அடிவாங்கும். ஆகவே பிளக்கைச் சொருகும் முன் வேகத்தைப் பாதியாக்கிவிட்டு, அந்த வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொண்டுவாருங்கள்.